முந்நூற்றில் ஒருவர்

எங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தின் கதவு காலை எட்டு மணிக்குத்தான் திறக்கிறது என்றாலும், ஏழு மணிக்கே அதன் சுற்றுச்சுவருக்குள் நிற்கும் புங்க மரங்களின் அடியில் இடம் பிடிப்பதற்காக இளைஞர்களும் இளம்பெண்களும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், தரையில் விரிக்க மடித்து எடுத்து வந்த பழைய போர்வை, இவற்றோடு ஓரம் நைந்து முதுகில் ஒட்டுப்போட்ட ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் ஒன்றும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கும். பொறியியல் படித்துப் பட்டம் பெற்ற இருபத்தாறு வயது வாலிபர் ஒருவர் அந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பென்சிலால் வரிவரியாக அடிக்கோடிட்டு, வாய்க்குள் முணுமுணுத்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லிப் பார்ப்பதை நான் பல நாள் கண்டிருக்கிறேன். மாலையில் நூலகத்தார் விளக்கை அணைக்கும் வரையில் அவர் இருப்பார். அவரைப் போல இன்னும் எழுபது, எண்பது பேர் இருப்பார்கள். இந்தக் காட்சி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்று ஒதுக்கிய பகுதியிலும் இதையே காணலாம். பழனியை அடுத்த ஆயக்குடியில் மரத்தடியில் நடைபெறும் இலவசப் பயிற்சி வகுப்பிலும் இதையே காணலாம்.

இவர்கள் அத்தனை பேரும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளுக்கு, அவற்றிலும் பெரும்பாலோர் குரூப் 4 எனப்படும் தேர்வுக்கு, தங்களை ஆயத்தப்படுத்திக் கொண்டிருப்பவர்கள். இக்காலத்து இளைய தலைமுறையின் பிரச்சினைகள் என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பேச்சு எழும்போதெல்லாம் கைப்பேசி மோகம், போதைப் பழக்கம், சினிமா நடிகர்களிடம் கொண்ட பித்து ஆகியவற்றையே நாம் முன்னிறுத்துகிறோம். அவை பிரச்சினைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆயினும், தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான இளைஞர்கள் தங்கள் வாழ்வின் மிகச் செழுமையான ஐந்தாறு ஆண்டுகளை, எவருக்கும் இடையூறு செய்யாமல், எவர் கவனத்தையும் கவராமல், ஓர் அறிவிக்கையை எதிர்நோக்கிச் செலவிட்டு வருகிறார்கள் என்ற மௌனமான உண்மையை நாம் போதிய அளவு ஆராய்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம். 2022-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு 22,02,942 பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கையில் கண்ட இடங்கள் 7,301. 2024 ஜூன் 9-இல் நடந்த தேர்வுக்கு விண்ணப்பித்தவர் இருபது லட்சம், இடங்கள் 6,244. 2025 ஜூலை 12-இல் நடந்த தேர்வுக்குத் தொகை குறைந்து பதினான்கு லட்சத்துக்கு அருகில் வந்தது, இடங்களோ 3,935. விண்ணப்பித்தவர் எல்லோரும் தேர்வு எழுத வருவதில்லை என்பதும், இடங்களின் எண்ணிக்கை பின்னர்ச் சில சமயம் உயர்த்தப்படுவதுண்டு என்பதும் உண்மையே. 2022-ஆம் ஆண்டுத் தேர்வில் அது கடைசியில் பத்தாயிரத்தையும் தாண்டியது. ஆனால் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யும் வேளையில் ஓர் இளைஞன் தன் கண்ணெதிரே காணும் கணக்கு, முந்நூறு பேருக்கு ஓர் இடம் என்பதுதான். அந்த ஒருவரைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. பயிற்சி மையங்கள் அவருடைய புகைப்படத்தைப் பெரிய பலகையில் அச்சிட்டுச் சாலையோரத்தில் கட்டுகின்றன. மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் என்ன ஆகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் விசாரம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் இதைக் கண்டிக்கப் புகுவது நியாயமாகாது. சென்னை மாகாணம், பணியாளர் தேர்வுக்கென்று தனி ஆணையத்தை 1929-இலேயே, இந்திய மாகாணங்களுள் முதன்முதலாக, ஒரு தலைவரையும் இரு உறுப்பினரையும் கொண்டு அமைத்தது. 1970-இல் தான் அது இன்றைய பெயரைப் பெற்றது. ஆணையம் அமைவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் முதல் வகுப்புவாரி உத்தரவு பிறந்து, 1920-களின் இறுதியில் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராயிருந்த காலத்தில் அது செயலுக்கு வந்து, சர்க்கார் உத்தியோகம் என்பது ஒரு சில சாதியாருக்கு மட்டும் பரம்பரைச் சொத்துப்போல் உரியதன்று என்ற கொள்கை நிலைபெற்றது. 1951-இல் நீதிமன்றத் தீர்ப்பால் அதற்கு இடர் நேர்ந்தபோது, அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே அதன் பொருட்டுக் கொண்டுவரப்பட்டது. பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் தெருவில் முதன்முதலாக ஒரு கிராம நிர்வாக அலுவலரையோ, தாலுகா அலுவலகத்து இளநிலை உதவியாளரையோ கண்ட நாளில் அவர்கள் பெற்றது மாதச் சம்பளம் மாத்திரமன்று. அதுவரை எந்த அலுவலகத்தின் வாசலில் கைகட்டி நின்றார்களோ, அதே அலுவலகத்துக்குள் தம் பிள்ளை நாற்காலியில் அமர்ந்து எழுதுவதைக் கண்டார்கள். அந்த நினைவு மூன்று தலைமுறைகளாகக் குடும்பங்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. அரசுப் பணி மோகம் என்று இதை ஒரு சொல்லில் தள்ளிவிடுபவர்கள் அந்த நாற்காலியின் சரித்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

நாற்காலி என்று நான் சொல்வது உருவகத்துக்காக அன்று. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-ஆம் ஆண்டில் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்யும் பெண்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டத்தால்தான் பெற்றுத்தர வேண்டியிருந்தது என்றால், அந்தப் பெண்களின் தங்கைமார் இளநிலை உதவியாளர் பதவிக்குப் படிப்பதில் என்ன வியப்பு இருக்கிறது? அப்பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அதனுடன் அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும். பிரசவத்துக்கு விடுப்பு உண்டு. எசமானரின் முகக்கோணலுக்கு அஞ்சி ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்படும் பயம் இல்லை. சிறு நகரத்தில் பி.காம். படித்த பெண் ஒருத்திக்கு இதற்கு நிகரான வேறு வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், மனச்சாட்சியுள்ள எவரும் உடனே பதில் சொல்லிவிட முடியாது. 2003 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியம் நீங்கிப் பங்களிப்பு முறை வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் ஊழியர்கள் ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஆசை சிறிதும் வாடவில்லை என்பது, அரசுப் பணியின் கவர்ச்சியைக் காட்டிலும் வெளியுலகத்தின் வறட்சியையே அதிகமாக எடுத்துக் காட்டுகிறது.

உயர்கல்வியில் சேரும் இளைஞரின் விகிதத்தில் தமிழ்நாடு தேசத்தின் சராசரியைக் காட்டிலும் வெகுவாக முந்தி நிற்கிறது. 2021-22 கணக்குப்படி இங்கே நூற்றுக்கு 47 பேர். இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 28 பேர் சொச்சம். பெருமைப்படத்தக்க சாதனை இது. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, இத்தேசத்து இளைஞருள் எழுதப் படிக்கத் தெரியாதவரிடையே வேலையின்மை 3.4 சதவிகிதம் என்றும், பட்டதாரிகளிடையே அது 29.1 சதவிகிதம் என்றும் காட்டியது. படிக்காதவன் கிடைத்த வேலையைச் செய்யாமல் ஒரு நாளும் இருக்க முடியாது. படித்தவனுக்கோ வீட்டார் சிறிது காலம் சோறு போடுகிறார்கள், அவனும் படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறான். ஆக, காத்திருக்கும் சக்தியையும் கல்விதான் தருகிறது. காத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தத்தையும் அதுவே தருகிறது. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான தகுதி. அதற்குப் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் பொறியியல் படித்தோரும் திரளாக வந்து நிற்கும்போது, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட கிராமத்துப் பிள்ளை ஒதுங்கிப் போக நேர்கிறது. ரொனால்ட் டோர் என்ற ஆங்கிலேயச் சமூகவியலறிஞர் 1976-இலேயே இதைப் பட்டயப் பிணி என்ற பொருள்படும் பெயரால் குறித்து ஒரு நூல் எழுதினார்.

இனி, இந்தப் பொருளில் நான் அறிந்த மட்டில் மிக முக்கியமான ஆராய்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 2001-ஆம் ஆண்டு நவம்பரில், கஜானா நெருக்கடியைக் காரணமாகக் கொண்டு, தமிழ்நாட்டு அரசு புதிய நியமனங்களுக்குத் தடை விதித்தது. காவலர், ஆசிரியர், மருத்துவர் போன்ற இன்றியமையாத பணிகள் நீங்கலாக மற்றவற்றுக்கு ஆள் எடுப்பது 2006 வரை ஏறக்குறைய நின்றுபோயிற்று. சாதாரண அறிவு என்ன சொல்லும்? கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் வாசலில் நிற்கும் கூட்டம் கலைந்து வேறு வழி பார்க்கும் என்றுதானே சொல்லும்? குணால் மங்கல் என்னும் பொருளியல் ஆய்வாளர் தேர்வாணையத்தின் விண்ணப்பப் புள்ளிவிவரங்களையும் வேலைவாய்ப்புப் பற்றிய ஆய்வுக் கணக்குகளையும் இணைத்து ஆராய்ந்தபோது கண்டது இதற்கு நேர்மாறாக இருந்தது. அந்த ஆண்டுகளில் கல்லூரியை விட்டு வெளியே வந்த ஆண்கள், முந்தைய தலைமுறையாரைக் காட்டிலும் அதிக காலம் வேலைக்குப் போகாமல் படித்துக்கொண்டே இருந்தார்கள். கதவு திறக்கும் நாளில் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள். தடை நீங்கிப் பத்து ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தத் தலைமுறையினரின் வருமானம் மற்றவரை விடக் குறைவாகவே இருந்தது. தனிக் குடும்பம் அமைத்துக்கொள்வதிலும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள்.

இந்த முடிவின் கனத்தை நாம் உணர வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் இடைவிடாமல் படித்த ஒருவன், தேர்வில் தேறாவிட்டாலும், படித்த படிப்பினால் வேறு எங்காவது பயன் பெறுவான் என்று நாம் நம்ப விரும்புகிறோம். பெற்றோரும் அப்படித்தான் ஆறுதல் கொள்கிறார்கள். ஆராய்ச்சி அந்த ஆறுதலை மறுக்கிறது. ஏன் அவ்விதம் ஆயிற்று என்பது நூலகத்து மரத்தடியில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் விளங்கும். எந்த ஆண்டில் எந்தச் சட்டம், எந்த நதியின் உபநதி எது, எந்த நூலுக்கு எது வேறு பெயர், எந்தச் சொல்லை எவ்வாறு பிரித்து எழுதுவது என்று இருநூறு கேள்விகளுக்கு மூன்று மணி நேரத்தில் விடையின் வட்டத்தைக் கறுப்பாக்கும் திறமை, அந்த மூன்று மணி நேரத்துக்கு வெளியே விலைபோவது அரிது. படிப்பதால் இன்பம் உண்டு, அறிவு உண்டு; நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பாடத்திட்டத்தின் வாயிலாகத் திருக்குறளையும் சங்க நூல்களின் பெயர்களையும் முதன்முறையாக ஊன்றிப் படித்தோம் என்று சொல்லும் பொறியியல் பட்டதாரிகளை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் மலர்ச்சியும் கண்டிருக்கிறேன். ஆயினும் ஐந்தாண்டுக் காலத்தை ஒரு பட்டறையிலோ, ஒரு வயலிலோ, ஒரு மருந்துக்கடையிலோ கழித்தவன் பெறுகின்ற கைப்பழக்கமும் மனிதர் பழக்கமும் இவர்களுக்கு வாய்ப்பதில்லை. முப்பத்திரண்டு வயதில் முதல் வேலை கேட்டுப் போகும்போது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காத்திருப்பைப் பற்றி வடநாட்டிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். மீரட் நகரத்துக் கல்லூரி வளாகங்களில் ஆண்டுக்கணக்கில் பட்டத்தின்மேல் பட்டம் வாங்கிக்கொண்டு, தேநீர்க் கடைகளில் பொழுது போக்கி, மாணவர் அரசியலில் ஈடுபட்டுவந்த வாலிபர்களோடு பழகி, கிரெய்க் ஜெஃப்ரி என்ற புவியியல் பேராசிரியர் 2010-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த வாலிபர்கள் தங்கள் நிலையைத் தாங்களே வருணிப்பதற்கு வழங்கிய டைம்பாஸ் என்ற சொல்லையே நூலுக்குப் பெயராக வைத்தார். நம் ஊர் நூலகத்து மரத்தடியில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது. இங்கே அவர்கள் தேநீர்க் கடையில் உட்காருவதில்லை. தேநீருக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வதைக்கூடக் கணக்கு வைக்கிறார்கள். டெஸ்ட் பேட்சில் வாரந்தோறும் மாதிரித் தேர்வு எழுதி, எத்தனை கேள்வி சரி, போன வாரத்தை விட எத்தனை கூடியது என்று குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைக்கிறார்கள். இது ஓயாத உழைப்பு. உழைப்பு என்று எந்தக் கணக்கிலும் ஏறாத உழைப்பு. தேசத்தின் புள்ளிவிவரத்தில் இவர்கள் தொழிலாளரும் அல்லர். படிப்பை முடித்துவிட்டபடியால் மாணவரும் அல்லர். வீட்டிலோ, "சும்மாதான் இருக்கிறான்" என்று சொல்லக் கூசி, "குரூப் ஃபோருக்குப் படிக்கிறான்" என்று சொல்கிறார்கள்.

"படிக்கிறாள்" என்ற சொல்லுக்கு இன்னொரு வலிமை உண்டு என்பதைப் பெண்களோடு பேசிய பிறகே நான் அறிந்துகொண்டேன். 2022-ஆம் ஆண்டு விண்ணப்பித்த இருபத்திரண்டு லட்சம் பேரில் 12,67,457 பேர் பெண்கள்; ஆண்கள் 9,35,354 பேர்; மூன்றாம் பாலினத்தவர் 131 பேர். பாதிக்கு மேலான பங்கைப் பெண்கள் வகிப்பதற்கு அவர்களுக்கான இட ஒதுக்கீடு ஒரு காரணமாகலாம். பாதுகாப்பான வேலை வேறு அரிது என்பது மற்றொரு காரணம். ஆனால் இவற்றுக்கு அப்பால், கல்லூரிப் படிப்பு முடிந்த மறுவாரமே கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிடும் வீடுகளில், "அவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், ஒரு வருஷம் போகட்டும்" என்ற வார்த்தை ஒரு கேடயமாக நிற்கிறது. காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பஸ் ஏறி, நகரத்து நூலகத்தில் பகல் முழுவதும் இருந்து, மாலையில் திரும்புவதற்கு எந்தத் தகப்பனாரும் ஆட்சேபிக்க முடியாத காரணம் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? மரத்தடியில் அவள் தோழிகளைப் பெறுகிறாள். கல்யாணமாகிக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்து படிக்கும் அக்காமாரின் அனுபவத்தைக் கேட்கிறாள். தன் பெயருக்கு ஒரு வங்கிக் கணக்கும், தன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் வரக்கூடும் என்று எண்ணிப் பார்க்கிறாள். வேலை கிடைக்காவிட்டாலும் இந்த இரண்டு, மூன்று ஆண்டுகள் அவளுக்குச் சொந்தமானவை. பொருளியலார் நஷ்டம் என்று எழுதும் அதே காலத்தை அவள் லாபம் என்று எழுதிக்கொள்ளக்கூடும். இரண்டும் உண்மையே என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுதந்திரத்தைப் பெறுவதற்கு, முந்நூற்றில் ஒருவருக்கே கிட்டும் வேலையைச் சாக்காகச் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு பெண்ணை வைத்திருக்கும் வீடும் ஊரும் வெட்கப்பட வேண்டும். அந்தக் கேடயத்துக்கும் காலவரம்பு உண்டு. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுக்குப் பிறகு, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்ற கேள்வி அவளிடம் ஆணிடம் கேட்பதைக் காட்டிலும் கடுமையாகக் கேட்கப்படுகிறது.

எத்தனை நாளைக்கு என்ற அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை என்பது என் துணிபு. முந்நூறு பேர் ஓர் இடத்துக்குப் போட்டியிடுவது துன்பம்தான் என்றாலும், தேதி தெரிந்த போட்டியை மனிதன் தாங்கிக்கொள்வான். தேதி தெரியாத காத்திருப்புதான் அவனை அரிக்கிறது. 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கும் 2022 ஜூலை 24-ஆம் தேதி நடந்த தேர்வுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. கொள்ளைநோய் அதற்கு ஒரு காரணம். அதற்காக உச்ச வயது வரம்பில் இரண்டு ஆண்டு தளர்வும் அளித்தார்கள். ஆனால் இருபத்து நான்கு வயதில் முதல் முயற்சியில் சிறிது தவறி, அடுத்த முயற்சிக்கு இருபத்தேழு வயது வரை காத்திருந்த ஒருவனுக்கு, தளர்வு என்பது காத்திருக்க மேலும் இரண்டு ஆண்டு அனுமதி என்ற பொருளைத்தான் தந்தது. 2022 ஜூலையில் எழுதிய தேர்வின் முடிவு 2023 மார்ச்சில் வந்தது. அதே ஆணையம் நடத்தும் குரூப் 2 தேர்வின் கதை இன்னும் நீண்டது: 2022 மே 21-இல் முதனிலைத் தேர்வு, 2023 பிப்ரவரி 25-இல் முதன்மைத் தேர்வு, அதன் முடிவு 2024 ஜனவரியில். இருபது மாதங்கள்! அந்த இருபது மாதங்களில் ஒருவன் தனியார் வேலையில் சேரவும் மாட்டான், சேர்ந்தாலும் வேரூன்ற மாட்டான், பெண் பார்க்கவும் மாட்டான், நிலத்தில் இறங்கி உழவும் மாட்டான். தேர்வாணையத்துக்கு அது விடைத்தாள் திருத்தும் காலம். அவனுக்கோ அது ஆயுளின் ஒரு துண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அண்மைக் காலத்தில் நிலைமை திருந்தியிருக்கிறது. ஆண்டுத் திட்டம் முன்கூட்டியே வெளியாகிறது. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு அவ்வாண்டு அக்டோபரிலேயே வந்தது. 2025 ஜூலையில் நடந்ததன் முடிவும் அக்டோபரில் வந்துவிட்டது. எட்டு மாதக் காத்திருப்பு மூன்று, நான்கு மாதமாகச் சுருங்கியதை மரத்தடியில் உள்ளவர்கள் நன்றியோடு பேசுகிறார்கள். இதைச் செய்தவர்களுக்கு இளைஞர் சமூகம் கடமைப்பட்டிருக்கிறது என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வேன்.

எனினும், முடிவு விரைவில் வந்தாலும் முடிவுக்கு வராத ஒன்று உண்டு. குரூப் 4 பதவிகளிற் பெரும்பாலானவற்றுக்கு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வித் தகுதி பெற்றிருப்பின் உச்ச வயது வரம்பு கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டுப் பிந்திப் புறப்பட்டவர்களுக்கு வாயில் பிந்தியும் திறந்திருக்க வேண்டும் என்ற கருணையில் பிறந்த விதி அது. அதை நீக்க வேண்டும் என்று நான் ஒருகாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பயனாக, இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று சொல்லிக்கொள்ளும் மனிதனை நிறுத்துவதற்கு வெளியிலிருந்து எந்தக் கையும் நீளுவதில்லை. நிறுத்துவது அவன் பொறுப்பாகிவிடுகிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அவனுக்கு வேண்டிய தகவல் அவன் கையில் இல்லை.

மதிப்பெண்ணும் தரவரிசையும் அவனுக்கு அறிவிக்கப்படுகின்றனவே என்று கேட்கலாம். தன் எண் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று அவன் அறிகிறான், மெய்தான். ஆனால் அந்த இடத்தில் நின்றவர்களில் அடுத்த முயற்சியில் எத்தனை பேர் தேறினார்கள், மூன்றாம் முயற்சியில் எத்தனை பேர், ஆறாம் முயற்சியில் எத்தனை பேர் என்பதை அவன் எப்படி அறிவான்? தேறிய ஒருவரின் கதை அவன் காதில் ஆயிரம் முறை விழுகிறது. தேறாமல் திரும்பிப் போனவர்கள் கதை சொல்லுவதில்லை. தம் வெற்றியைத் தாமே முன்கூட்டிக் கணிக்க இயலாமைதான் தேர்வர்களை நீண்ட காலம் கட்டி வைக்கும் காரணங்களுள் ஒன்று என்று மங்கலும் எழுதுகிறார். ஆணையத்திடம் ஒவ்வொரு தேர்வரின் நிரந்தரப் பதிவும் இருக்கிறது; அவர் எத்தனை முறை எழுதினார், ஒவ்வொரு முறையும் என்ன பெற்றார் என்பது அந்தப் பதிவிலிருந்து கணக்கிடக்கூடியதே. இன்ன வரிசையில் நின்றவர்களில் அடுத்த இரண்டு தேர்வுகளுக்குள் பணி பெற்றவர் நூற்றுக்கு இத்தனை பேர் என்று, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் எளிய தமிழில், மதிப்பெண்ணோடு சேர்த்து ஒரு வரி அச்சிட்டு அனுப்பினால் என்ன? சிலருக்கு அது கசப்பாக இருக்கும். சிலருக்கு, தாம் இலக்கை நெருங்கிவிட்டோம் என்ற தெம்பை அது தரும். உண்மையை எந்த வயதில் அறிந்தால் வாழ்க்கையைத் திருப்பிக்கொள்ள முடியுமோ, அந்த வயதில் அறிவிப்பது அரசின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

படித்து முடித்தவன் வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்கும் முயலக்கூடிய சூழ்நிலையும் வேண்டும். மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்போரில் ஆயிரம் பேரைத் தேர்ந்து, பத்து மாதத்துக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் நான் முதல்வன் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டு அரசு அளித்துவருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஐ.ஏ.எஸ். கனவு காணும் ஆயிரம் பேருக்கு அப்பால், குரூப் 4 கனவு காணும் லட்சக்கணக்கானோருக்கு வேண்டியது வேறு விதமான உதவி. மாவட்ட நூலகங்கள் இரவு பத்து மணி வரை திறந்திருந்தால், பகலில் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர் மாலையில் வந்து படிக்க முடியும். அப்படிச் சிலர் வருகிறார்கள். அவர்கள் வந்து சேரும் நேரத்தில் எங்கள் நூலகத்தார் விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார். 1948-இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது, எஸ். ஆர். ரங்கநாதனைத் தந்த மண் நம்முடையது. நூலகம் என்பது இன்று இந்த இளைஞர்களுக்குப் படிக்கும் அறை மட்டுமன்று. வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு அது அலுவலகம். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அது வீடு. அங்கே ஒரு விளக்கும் இரண்டு மின்விசிறிகளும் பெண்களுக்குத் துப்புரவான கழிப்பறை ஒன்றும் கூடுதலாக அமைப்பதற்கு ஆகும் செலவு பெரிதன்று.

சென்ற மாதம் ஒரு மாலையில், எல்லோரும் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்த வேளையில், மரத்தடியில் கடைசியாக எழுந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பத்தொரு வயது, கணிதத்தில் முதுகலைப் பட்டம், தகப்பனார் இல்லை, தாயார் சத்துணவுக் கூடத்தில் சமையலர். "ஏம்மா, இது எத்தனையாவது தடவை?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், ஊரார் கேட்கும் அதே கேள்வியை நானும் கேட்டுவிட்டேன் என்பது உறைத்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். இடப்புறம் தேர்வு நடந்த தேதிகள். நடுவில் அவள் சரியாக எழுதிய கேள்விகளின் எண்ணிக்கை. வலப்புறம் அந்த ஆண்டின் கட் ஆஃப்.

"தடவையைக் கேக்காதீங்க சார். இந்த ரெண்டையும் பாருங்க" என்றாள்.

நடு வரிசையில் எண்கள் ஒவ்வொரு தேர்விலும் ஏறிக்கொண்டே வந்திருந்தன. வலப்புற வரிசையிலும் அப்படியே ஏறியிருந்தன. இரண்டுக்கும் இடையே முதல் தேர்வில் பத்தொன்பது கேள்வி வித்தியாசம். கடைசித் தேர்வில் நான்கு.